படம் நின்றதும் பாடம் தொடங்குகிறது!

அது 64 பக்கங்கள் கொண்ட ஒரு சிறு புத்தகம். கம்பெனி ஊழியர்கள் எவ்வளவு நேர்மையாக நடக்க வேண்டும் என்று அதில் விவரமாக எழுதியிருந்தது. கம்பெனித் தலைவரின் முன்னுரையோடு 2000-ம் ஆண்டு ஜூலை மாதம் அது வெளியாயிற்று.

அந்தக் கம்பெனியின் பெயர் என்ரான். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் இருந்த பிரம்மாண்டமான எரிசக்தி ஸ்தாபனம். மறு ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி அது திவாலாயிற்று! கடனை மறைத்து, இல்லாத லாபத்தை இருப்பதாகக் காட்டிய குட்டு வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். முதுமைக்கென்று கம்பெனிப் பங்குகளில் போட்டு வைத்த பணமும் போயிற்று.

தவறு செய்தவர்கள் படிக்காதவர்களா? இல்லை. நிர்வாகத்தை நடத்திய ஸ்கில்லிங், புகழ் பெற்ற ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். எது நேர்மை என்று தெரியாமல் அவர்கள் தவறவில்லை. தெரிந்தே தவறினார்கள்.

அப்படியானால், நேர்மையை எப்படிக் கற்றுக் கொடுப்பது? வணிகக் கல்லூரி ஆசிரியர்கள் கையாளும் வழிகளில் ஒன்று, சினிமா!

பாதியில் நிற்கும் படம்

இது பொழுதுபோக்குக் காட்சி அல்ல. கதை முக்கியமான கட்டத்துக்கு வரும்போது ஆசிரியர் படத்தை நிறுத்தி விடுகிறார். விளக்கு எரிகிறது. "இந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்கிறார். மாணவர்கள் பதிலை எழுத வேண்டும். மீதிப் படம் அதற்குப் பிறகுதான்.

"பொய்க் கணக்கு எழுதாதே" என்று பிரசங்கம் செய்தால் வகுப்பு முழுவதும் தலையாட்டும். படத்திலோ மேலதிகாரியின் முறைப்பும், மனைவியின் கண்ணீரும் கண் முன்னே நிற்கின்றன. தலையாட்டித் தப்ப முடியாது.

11 பேருக்கு எதிரே ஒருவர்

1957-ல் வெளிவந்த 'டுவெல்வ் ஆங்ரி மென்' அநேகக் கல்லூரிகளில் காட்டப்படும் படம். ஏறக்குறைய முழுக் கதையும் ஒரே அறையில் நடக்கிறது. தகப்பனைக் கொன்றதாக 18 வயதுப் பையன் மீது வழக்கு. தீர்ப்புச் சொல்ல 12 ஜூரர்கள் கூடுகிறார்கள். 11 பேர் "குற்றவாளி" என்று கை தூக்குகிறார்கள். ஒருவர் மட்டும் தூக்கவில்லை. ஹென்றி ஃபோண்டா நடித்த பாத்திரம் அது.

"பையன் நிரபராதி" என்று அவர் வாதாடவில்லை. "எனக்குத் தெரியாது, கொஞ்சம் பேசிப் பார்ப்போம்" என்கிறார். அவருக்குப் பதவி இல்லை, அதிகாரம் இல்லை. கேள்வி கேட்டுக் கேட்டே ஒவ்வொருவராக மனத்தை மாற்றுகிறார். டைரக்டர்கள் கூட்டத்தில் எல்லோரும் "ஆமாம்" போடும் நாளில், "ஒரு நிமிஷம்" என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்? அதுதான் பாடம்.

கண்டிப்பின் விலை

'டுவெல்வ் ஓ'கிளாக் ஹை' 1949-ல் வந்த படம். அமெரிக்க விமானப் படை தன் அதிகாரிகளின் தலைமைப் பயிற்சிக்கு இதைப் பயன்படுத்தியது. இரண்டாவது உலக யுத்தத்தில், இங்கிலாந்தில் தங்கியிருக்கும் ஒரு குண்டுவீச்சுப் படை மனம் சோர்ந்து கிடக்கிறது. தலைவர் நல்லவர், வீரர்களிடம் மிகுந்த பாசம் கொண்டவர். அவரை நீக்கிவிட்டு ஜெனரல் ஸாவேஜ் வருகிறார். நடித்தவர் கிரிகரி பெக். வந்த அன்றே மதுக் கூடத்தைப் பூட்டுகிறார். விமானிகள் அனைவரும் மாற்றல் கேட்டு மனுக் கொடுக்கிறார்கள்!

அவருடைய உதவியாளர் அந்த மனுக்களை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, அவகாசம் தேடித் தருகிறார். படை தலை நிமிர்கிறது. ஆனால் அந்தத் தாமதம் நேர்மையா? வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிய இது ஒன்றே போதும். கடைசியில் இரும்பு மனிதர் ஸாவேஜே, விமானத்தில் ஏற முடியாமல் மனம் ஒடிந்து போகிறார். கண்டிப்புக்கும் ஒரு விலை உண்டு.

கடலைப் பார்த்து நின்றவர்

'தி இன்சைடர்' உண்மைக் கதை. 1999-ல் வந்தது. வைகண்ட் என்பவர் ஒரு பெரிய சிகரெட் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவின் உப தலைவர். 1993-ல் நீக்கப்பட்டார். கம்பெனி ரகசியங்களை வெளியிடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டவர். பின்பு பள்ளி ஆசிரியரானார்.

1995 நவம்பரில், மிசிஸிப்பி மாநிலத்தில் சாட்சி சொல்ல அழைப்பு வந்தது. சொன்னால், சொந்த ஊர் திரும்பியதும் சிறைக்குப் போக நேரலாம்! படத்தில் அவர் கடலைப் பார்த்தபடி தனியே நிற்கிறார். படத்தை நிறுத்த இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

"சொல்லத்தான் வேண்டும்" என்று மாணவன் உடனே எழுதி விடலாம். "பிள்ளைகளின் வைத்தியச் செலவுக்கு என்ன வழி?" என்று ஆசிரியர் கேட்டால், பேனா தயங்கும். வைகண்ட் சாட்சி சொன்னார். அவர் குடும்பம் பிரிந்தது. 1998-ல் சிகரெட் கம்பெனிகள் 46 மாநிலங்களுக்கு, 25 ஆண்டுகளில் 20,000 கோடி டாலருக்கு மேல் கொடுக்க உடன்பட்டன.

வில்லனுக்குக் கைதட்டல்

இந்த முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. 1987-ல் வந்த 'வால் ஸ்ட்ரீட்' பேராசையைக் கண்டிக்க எடுத்த படம். அதில் பங்கு மார்க்கெட் சூதாடியாக மைக்கேல் டக்ளஸ் நடித்தார். ஆஸ்கார் பரிசும் பெற்றார். நடந்தது என்ன? அந்த வில்லனைப் பார்த்து ஆசைப்பட்டே பங்கு மார்க்கெட்டுக்கு வந்ததாக, இளைஞர்கள் டக்ளஸிடமே சொன்னார்கள்!

ஆகவே, படத்தைப் போட்டுவிட்டு ஆசிரியர் வெளியே போய்விடக் கூடாது. "வில்லனின் கோட்டும் காரும் உனக்குப் பிடித்தனவா? ஏன் பிடித்தன?" என்று கேட்க வேண்டும். மாணவன் வெட்கப்படாமல் "ஆமாம்" என்று ஒப்புக்கொண்டால், அதுவே நேர்மையின் முதல் பாடம்.

என்ரான் புத்தகத்தின் 64 பக்கங்களிலும் விடைகள் இருந்தன. சினிமா வகுப்பில் இருப்பது கேள்விதான். பிற்காலத்தில் ஆபீஸ் மேஜையில், கையெழுத்துக்காக ஒரு பொய்க் கணக்கு வந்து நிற்கும் போது, அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தால் போதும். பாடம் பலித்தது என்று அர்த்தம்.