கம்பித் தாங்கியும் காபி மெஷினும்

1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகரானது. கோயிலும் சந்தையும் சத்திரமுமாக இருந்த ஊருக்கு அரசு அலுவலகங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பின்னாலேயே வக்கீல், ஆடிட்டர், பத்திர எழுத்தர், இன்சூரன்ஸ், பைனான்ஸ் என்று போர்டுகள் தொங்கின. அத்தனை பேருக்கும் காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் காபி வேண்டும்.

அன்று ஆபீஸில் அடுப்பு கிடையாது. காபி தெருமுனைக் கடையின் பொறுப்பு. மணி பதினொன்றாகும் முன்பே பையன் வந்து நிற்பான். கையில் கம்பித் தாங்கி. அதில் ஆறோ எட்டோ கண்ணாடி கிளாஸ். படியேறும்போது தளும்பிய காபி வெளிப்பக்கம் வழிந்திருக்கும். அவசரத்தில் ஃபைல் மேல் வைத்தால் அட்டையில் பழுப்பு வட்டம் விழும். யாருக்கு எது என்று பையன் கேட்பதே இல்லை. மேனேஜருக்கு ஸ்ட்ராங், ஹெட் கிளார்க்குக்குச் சர்க்கரை கம்மி, ஜன்னலோரத்துக்காரருக்கு டீ. அரை மணி கழித்துக் காலி கிளாஸ் எடுக்க மறுபடி வருவான். காசு நோட்டில் ஏறும். சம்பளம் வந்ததும் கணக்குத் தீரும்.

பால் காய்ச்சுவது, டிகாக்‌ஷன் இறக்குவது, கிளாஸ் கழுவுவது எல்லாம் கடைக்காரர் பாடு. குடிப்பது மட்டும்தான் ஆபீஸின் வேலை. அந்த வசதிக்கு விலை கொடுத்தது, பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய அந்தப் பையன். 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் குறிப்பிட்ட ஆபத்தான வேலைகளை மட்டுமே தடுத்தது. டீக்கடையும் ஓட்டலும் அந்தப் பட்டியலில் சேர 2006 அக்டோபர் 10 வரை ஆயிற்று. அதன்பின் கடைக்காரருக்குப் பெரிய ஆள் தேவைப்பட்டது. பெரிய ஆளுக்குப் பெரிய சம்பளம். "போன் பண்ணுங்க, பிளாஸ்க்ல தர்றேன், ஆளை அனுப்பி வாங்கிக்குங்க" என்ற பேச்சு வந்தது. மெஷின் ஆபீஸுக்குள் நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

முதலில் வந்தது பிரீமிக்ஸ் மெஷின். உள்ளே நுட்பம் பெரிதாக ஒன்றுமில்லை. பால்பொடி, சர்க்கரை, இன்ஸ்டன்ட் காபி கலந்த பொடி ஒரு டப்பாவில். சுடுதண்ணீர் ஒரு தொட்டியில். பட்டனை அழுத்தினால் பொடியும் தண்ணீரும் ஒரு கிண்ணத்தில் விழ, சின்ன மோட்டார் அடித்து நுரையாக்கித் தரும். ஒரு கிலோ பொடியில் சுமார் எழுபது கப் வரும். மாதம் இத்தனை கிலோ வாங்கினால் மெஷினுக்கு வாடகையே வேண்டாம் என்பார்கள். லாபம் பொடியில் இருக்கிறது. சர்க்கரை ஏற்கெனவே கலந்திருப்பதால், 'எனக்குக் கம்மியா' என்ற சொல்லுக்கு இதனிடம் மதிப்பில்லை. சுகர் உள்ளவர்களுக்காக இன்னொரு டப்பா வைக்க வேண்டியிருந்தது. கார்த்திகை மழையில் ஈரம் ஏறிப் பொடி கட்டி தட்டும். 2012 வாக்கில் மணிக்கணக்கில் கரண்ட் போன நாட்களில், பதினொரு மணிக்கு மெஷின் சும்மா நிற்க, ஊழியர்கள் பழைய கடையைத் தேடிப் படியிறங்கினார்கள்.

ஊர்த் தண்ணீரும் மெஷினைச் சோதிக்கும். பாறைப் பூமியில் போட்ட போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். அதைக் காய்ச்சக் காய்ச்ச ஹீட்டரில் வெள்ளையாகப் படிந்து, சூடேற நேரமாகி, கடைசியில் ஹீட்டர் சுருளே எரிந்துபோகும். சாத்தனூர் அணைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுகிற ஆபீஸில் அதே மெஷின் கூடுதல் நாள் உழைக்கிறது.

இன்று தேர்வு பெருகிவிட்டது. ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் வெளிநாட்டவரை நம்பி வந்த கஃபேக்களில் எஸ்பிரஸோ மெஷின் சீறுகிறது. இத்தாலியின் கஜ்ஜியா 1938-இல் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்தவை அவை. சுமார் ஒன்பது பார் அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் சாறு இறக்குபவை. கொட்டையை அரைத்து எல்லாம் தானே செய்யும் வகையும் இப்போது ஆபீஸ்களுக்கு வருகிறது. மணம் அருமை. ஆனால் கொட்டைத் தொட்டியில் சிக்கரி போட முடியாது. இந்தியாவில் சிக்கரி கலந்த காபித்தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி; மீதி சிக்கரியாக இருக்கலாம். அந்தக் கெட்டியிலும் லேசான கசப்பிலும் வளர்ந்த நாக்குக்கு, நல்ல எஸ்பிரஸோவில் பால் ஊற்றிக் கொடுத்தாலும் ஏதோ குறையும்.

நம்மவர்களுக்குப் பிடித்தது மூன்றாவது வகை. டிகாக்‌ஷனும் பச்சைப் பாலும் தனித்தனியே ஊற்றி, கலந்து தரும் மெஷின். இருபத்தைந்து பேர், நாளுக்கு இரண்டு வேளை என்றால் ஐம்பது கப். கப்புக்கு எண்பது மில்லி வைத்தாலும் நாலு லிட்டர் பால். ருசி கடைக் காபியை நெருங்கும். தொல்லை சாயங்காலம் ஆரம்பிக்கிறது. பால் போகும் குழாயில் சுடுதண்ணீர் விட்டு அலசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை மறந்தால், திங்கட்கிழமை மூடியைத் திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

எதில் ஊற்றிக் குடிப்பது என்பதும் முன்பு நமக்கு இல்லாத கேள்வி. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்பாட்டுப் பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் என்றால், அதைக் கழுவ ஆள் வேண்டும்.

ஆகவே மெஷின் விற்க வருபவரிடம் கப் எத்தனை, பட்டன் எத்தனை என்பதோடு நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் கேட்கலாம். ரிப்பேருக்கு ஆள் எங்கிருந்து வருவார்? வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ என்றால், லட்சக்கணக்கில் கிரிவலக் கூட்டம் திரளும் பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்திலும் அவரை எதிர்பார்க்க முடியாது. பொடியை வெளியில் வாங்கிப் போடலாமா? குழாயைத் தினமும் கழற்றிக் கழுவ எத்தனை நிமிடம் ஆகும்?

என்னைக் கேட்டால், பத்துப் பதினைந்து பேர் உள்ள ஆபீஸுக்குப் பெரிய மெஷினே வேண்டாம். டிகாக்‌ஷன் இறக்கும் மின் பில்டர் ஒன்று, இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று, அதற்கென நேரம் ஒதுக்கிச் சம்பளம் தரும் ஆள் ஒருவர் போதும். ஐம்பது பேருக்கு மேல், கழுவ ஆள் உண்டென்றால் பால் மெஷின். ஆள் கிடையாதென்றால் மனதைத் தேற்றிக்கொண்டு பிரீமிக்ஸ். எதை வாங்கினாலும் மெஷின் விலைக்குக் கீழே கழுவுகிறவரின் கூலியையும் ஒரு வரியாக எழுதுங்கள். கடைப் பையன் காலத்தில் நோட்டில் ஏறாமலே போன வரி அது.