மாற்றுப் பொருளும் பழுதானால்?

ஆனைக்குட்டம் பகுதியில், பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் உழைத்துச் சேர்த்த கூலியில் ஒரு மின்விசிறியோ கிரைண்டரோ வாங்குவது எளிய குடும்பத்திற்குச் சிறு காரியமன்று. அது பழுதாகிறது, கடைக்காரர் வேறொன்று தருகிறார், அதுவும் பழுதாகிறது. "ஒருமுறைதான் மாற்றித் தந்தாயிற்றே!" என்றதும் நம்மில் பலர் வாய்மூடி வீடு திரும்புகிறோம்.

சட்டம் அவ்வாறு கூறவில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையிலுள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 39-ஆம் பிரிவைக் காண்போம். பழுதை நீக்கவோ, குறையற்ற புதுப்பொருள் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ நுகர்வோர் ஆணையம் கட்டளையிடலாம். 'குறையற்ற' என்பதே இங்கு உயிரான சொல். பழுதுள்ள மாற்றுப் பொருளால் விற்றவர் கடமை தீராது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என ரசீதில் அச்சிட்டுவிட்டதால் இவ்வுரிமை அழிந்துவிடாது.

எனவே ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பேணுவோம். பொருளை மாற்றிய நாளை எழுதி வாங்குவோம். பணத்தை முதலில் கடைக்காரரிடம் எழுத்து மூலம் கேட்போம். பயனில்லையேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. அதற்கும் மேல், ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட ஆணையம் உள்ளது. பொருளின் விலை 5 இலட்சம் ரூபாய் வரையெனில் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

கள்ளத் தராசைக் கண்டித்தார் இறைவாக்கினர் ஆமோஸ். உழைத்த காசுக்கு நியாயம் கேட்பது பகைமையன்று. விற்பவரையும் நேர்மைக்கு அழைக்கும் பிறரன்புப் பணியே.