கட்டு மாற்றும் நாள்: காயச் சிகிச்சையின்போது மனவுளைச்சலைச் சமாளித்தல்

நீரிழிவால் ஏற்பட்ட கால் புண், அறுவை சிகிச்சைக் காயம், படுக்கைப் புண் என எதுவாக இருந்தாலும், மருத்துவமனையில் பலர் மிகவும் அஞ்சுவது கட்டு மாற்றும் நேரத்தைத்தான். தாதியின் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டதுமே நெஞ்சு படபடக்கலாம். முதல் நாள் இரவே தூக்கம் வராமல் போகலாம். “இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்” என்று சொல்லத் தோன்றலாம்.

இதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. முன்பு வலித்தது நினைவில் இருப்பதால், மீண்டும் வலிக்கப் போகிறது என்று உடல் முன்கூட்டியே இறுகிக்கொள்கிறது. அப்படி இறுகியிருக்கும்போது அதே வலி இன்னும் அதிகமாகத் தெரியும். ஆனால் இந்தப் பயத்தினால் கட்டு மாற்றுவதைத் தள்ளிப்போட்டால், கிருமித்தொற்று யாரும் கவனிக்காமலே பரவக்கூடும். அதனால்தான் உங்கள் மனவுளைச்சலையும் தாதியிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.

காயத்துக்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு?

மனவுளைச்சல் நீடிக்கும்போது உடலில் கார்ட்டிசோல் என்னும் சுரப்புநீர் அதிகரிக்கிறது. அது நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலையை மந்தமாக்குகிறது; இரத்தச் சர்க்கரையையும் உயர்த்துகிறது. 1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மறதி நோயுள்ள உறவினரைப் பராமரித்துவந்த பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆறுவதைக் கவனித்தார்கள். அத்தகைய பொறுப்பு இல்லாத பெண்களைவிட அவர்களுக்குக் காயம் ஆற சராசரியாக 9 நாட்கள் கூடுதலாயின. இது சிறிய ஆய்வுதான். ஆனாலும் பின்னர் நடந்த பல ஆய்வுகளிலும் இதே போக்கு தெரிந்தது.

எனினும், “நான் கவலைப்பட்டதால்தான் புண் ஆறவில்லை” என்று உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். இரத்த ஓட்டம், சர்க்கரை அளவு, கிருமித்தொற்று, காயத்தின்மீது விழும் அழுத்தம் ஆகியவையும் முக்கியக் காரணங்கள்.

வலியை எப்படிச் சொல்வது?

தாதி உங்களிடம், “0 முதல் 10 வரை எவ்வளவு வலிக்கிறது?” என்று கேட்பார். நம்மில் பலர், குறிப்பாக மூத்தவர்கள், “பரவாயில்லை, தாங்கிக்கொள்கிறேன்” என்று பதில் சொல்லிவிடுகிறார்கள். தாதிக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான் காரணம். ஆனால் தாதி அதைக் கேட்டு வலி குறைவு என்றே குறித்துக்கொள்வார். மருந்தும் அதற்கேற்பவே கிடைக்கும்.

எண்ணால் சொல்ல வரவில்லை என்றால் சொல்லால் சொல்லுங்கள். வலிக்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு தகவல். எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மின்சாரம் பாய்வது போல ‘சுரீர்’ என்று இழுப்பது ஆகியவை நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு வேறு வகை மருந்து தேவைப்படலாம். முன்பு இல்லாமல் புதிதாக ‘விண் விண்’ என்று தெறித்தால் அது கிருமித்தொற்றின் அறிகுறியாக இருக்கலாம், உடனே சொல்லுங்கள். தாதிக்குத் தமிழ் தெரியாவிட்டால், மொழிபெயர்த்துச் சொல்ல ஊழியர் யாராவது இருக்கிறாரா என்று கேட்கலாம். உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொள்ளலாம்.

கட்டு மாற்றும்போது

வலி மருந்தை எப்போது எடுப்பது என்று முதல் நாளே கேளுங்கள். வாயால் உட்கொள்ளும் மருந்து வேலை செய்ய பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கட்டைப் பிரித்த பிறகு விழுங்கினால் அதிகப் பயன் இருக்காது. வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரை, தைலம் எதையும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.

தொடங்குவதற்கு முன் ஒரு சைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கையை உயர்த்தினால் தாதி சற்று நிறுத்துவார். “மிஸ்ஸி, ஒரு நிமிடம்” என்று சொன்னாலும் போதும். நிறுத்தச் சொல்ல முடியும் என்று தெரிந்தாலே பலருக்குப் பயம் பாதி குறைந்துவிடுகிறது. கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் உப்புநீரில் ஊறவைத்து எடுக்கும்படி கேட்கலாம். உறிஞ்சும் இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தால், அதன் நுரைப்பஞ்சை எடுக்கும்போதும் இப்படிச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். காதில் பாட்டு கேட்பதும் உதவும். காயத்தைப் பார்ப்பதும் பார்க்காமல் இருப்பதும் உங்கள் விருப்பம்.

பார்ப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: காயத்தின் அடியில் இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ, ஈரமாகத் தெரியும் சதை பெரும்பாலும் புதிதாக வளரும் சதை. பச்சை இறைச்சி போல் இருக்கிறதே என்று பலர் மனம் உடைந்துபோவது இதைப் பார்த்துத்தான். உண்மையில் அது நல்ல அறிகுறி. தினமும் பார்த்தால் மாற்றம் தெரியாது. காயத்தின் நீள அகலம் போன வாரம் எவ்வளவு, இந்த வாரம் எவ்வளவு என்று தாதியிடம் கேளுங்கள்.

வலியே இல்லாதவர்கள்

நீரிழிவு நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்குக் காயம் வலிக்காமலே இருக்கலாம். அவர்களுடைய மனவுளைச்சல் வேறு: “காலை எடுத்துவிடுவார்களோ?” இந்தக் கேள்வியை இரவெல்லாம் மனத்துக்குள் வைத்திருக்காமல் மருத்துவரிடமே கேளுங்கள். காலுக்கு இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, எலும்பு வரை தொற்று போயிருக்கிறதா, அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். சிகிச்சைச் செலவைப் பற்றிய கவலை என்றால் மருத்துவச் சமூக சேவையாளரைச் சந்திக்க வேண்டும் என்று சொல்லுங்கள். மெடிசேவ், மெடிஃபண்ட் பற்றி அவர் விளக்குவார்.

குடும்பத்தினர் “ஒன்றுமில்லை, அழாதீர்கள்” என்று சொல்வதைவிட, பேசவிட்டுக் கேட்பது நல்லது. ஆறுதலுக்காக இனிப்பு கொண்டுவர வேண்டாம். சிகரெட்டும் வேண்டாம், புகைத்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால், பசியும் தூக்கமும் இல்லாமல் போனால், மருத்துவரிடமோ தாதியிடமோ சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் சற்றும் தாமதிக்காமல் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், பரவும் சிவப்பு, வீக்கம், துர்நாற்றம், கூடிவரும் வலி இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காதீர்கள். கட்டு மாற்றும் நாளில் வர முடியவில்லை என்றால் பலதுறை மருந்தகத்தை அழைத்து, அன்றைக்கே அல்லது மறுநாளைக்கு வேறு நேரம் கேட்டு வாங்குங்கள்.