குளிரை எண்ணும் மரம்

கோத்தகிரியில் என் அத்தை வீட்டுக் கொல்லையில் இரண்டு பீச் மரங்கள் நிற்கின்றன. இடையில் இருபதடி இருந்தால் அதிகம். ஒரே மண், ஒரே தொழுவுரம், ஒரே மழை. வேலியோரத்து மரம், அத்தை அங்கே குடிபோவதற்கு முன்பே யாரோ வைத்தது. மாசி பிறந்தால் போதும், ஓர் இலைகூட இல்லாத கிளைகள் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்துவிடும். சித்திரை முடிவதற்குள் பழம் பறிக்கலாம். கிணற்றடியில் நிற்கும் மற்றது, இமாச்சலம் போய்வந்த உறவினர் ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த ஒட்டுக்கன்று. அங்கே அந்த மரத்தில் அவர் பார்த்த பழம் உள்ளங்கையில் அடங்காதாம். இங்கே ஆறு ஆண்டுகளாகியும் அது பூத்துக் காய்க்கவில்லை. பங்குனி கடந்தும் மொட்டையாக நிற்கும். அப்புறம் கிளை நுனிகளில் மட்டும் குடுமி வைத்ததுபோல் கொஞ்சம் இலை.

"உரம் பத்தலையா, யார் கண்ணாச்சும் பட்டுதான்னே தெரியல" என்பார் அத்தை.

உரம் குறையவில்லை. அந்த மரத்துக்குப் போதாமல் போனது குளிர்.

பீச் மரம் அடுத்த ஆண்டுப் பூக்களை முந்தைய கோடையிலேயே செய்து முடித்துவிடுகிறது. அந்த ஆண்டு வளர்ந்த இளங்கிளைகளில், இலைக்காம்பின் இடுக்கில், அரிசியைவிடச் சற்றுப் பெரிய மொட்டுகளுக்குள் இதழும் மகரந்தமும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பகல் குறுகிக் காற்று குளிரத் தொடங்கியதும் மரம் இலையை உதிர்த்து, மொட்டுகளைச் செதில்களால் மூடி உறக்கத்தில் விடுகிறது. இனி அவை எப்போது விழிப்பது? குளிர்காலத்தின் நடுவே நான்கு நாள் வெயிலடிக்கலாம். வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி மொட்டவிழ்ந்தால், ஐந்தாம் நாள் உறைபனியில் மொத்தமும் கருகிவிடும். அதனால் வெதுவெதுப்பை மட்டும் நம்பி மரம் கண் திறப்பதில்லை. முதலில் போதுமான குளிர் கழிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு முடியும்வரை எவ்வளவு வெயிலடித்தாலும் அசையாது. முடிந்த பிறகு வரும் வெப்பத்துக்கே மொட்டுகள் அவிழும்.

நம் ஊர் மாமரமும் மார்கழிக் குளிருக்குப் பிறகுதானே பூக்கிறது என்று கேட்கலாம். இரண்டும் வேறு. மாமரத்தில் குளிர் பூவை உண்டாக்கத் தூண்டுகிறது. பீச்சிலோ, முன்பே உருவாகிவிட்ட பூவின் கட்டை அவிழ்க்கிறது.

எவ்வளவு குளிர் போதும் என்பதில்தான் ரகங்கள் பிரிகின்றன. தோட்டக்கலையில் பழைய அளவு எளிமையானது: வெப்பநிலை 7.2 டிகிரி செல்சியசுக்குக் கீழே, உறைநிலைக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு மணிநேரத்தையும் ஒரு குளிர்மணி என்று எண்ணுவது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சாமுவேல் ரம்ப் என்பவர் 1870களில் வளர்த்தெடுத்து, மனைவியின் பெயரைச் சூட்டிய 'எல்பெர்ட்டா' ரகத்துக்குச் சுமார் 850 குளிர்மணி வேண்டும். மிச்சிகனில் 1940இல் வெளியான 'ரெட்ஹேவன்' ரகமும் அதே வகையைச் சேர்ந்த நீண்ட உறக்கக்காரன். ஃப்ளோரிடாவில் 1982இல் வெளியான 'ஃப்ளோர்டாபிரின்ஸ்' ரகத்துக்கோ 150 மணி போதும். மூன்றுமே பீச்தான். ஒன்றின் உறக்கம் இன்னொன்றின் உறக்கத்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேல்.

மரத்தின் எந்த இடத்தில் இந்தக் கணக்கு நடக்கிறது? வேரிலா, தண்டிலா? அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் 1920இல் வெளியிட்ட சோதனை இதற்கு அழகான விடை தந்தது. அவர் எடுத்துக்கொண்டது பீச்சை அல்ல, அதேபோல் குளிர் தேவைப்படும் புளூபெர்ரிச் செடியை. குளிர்காலத்தில் செடியைச் சூடேற்றிய கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்து, ஒரே ஒரு கிளையை மட்டும் துளை வழியாக வெளிக் குளிரில் நீட்டிவிட்டார். வசந்தம் வந்தபோது, வெளியே நடுங்கிக் கிடந்த கிளை துளிர்த்தது. உள்ளே கதகதப்பாக இருந்த கிளைகள் தூங்கிக்கொண்டேயிருந்தன. மரம் முழுவதற்கும் பொதுவான ஒரு கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு மொட்டும் தன் குளிரைத் தானே எண்ணுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றடி மரத்துக்கு இது பிறகு உதவும்.

எண்ணும் கருவி மரபணுவில் இருக்கிறது என்பதைக் காட்டியது மெக்சிகோவில் கிடைத்த ஒரு வினோத பீச். அது உறங்குவதே இல்லை. குளிர்காலத்திலும் கிளை நுனி வளர்ந்துகொண்டேயிருக்கும். அதன் மரபணுத் தொடரை ஆராய்ந்தபோது, வரிசையாக ஆறு மரபணுக்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துண்டு விடுபட்டிருந்தது. சாதாரண பீச்சில் அந்த ஆறும் உறக்கத்தைக் காக்கும் காவலர்கள். குளிர் தொடரத் தொடர அவற்றில் முக்கியமானவற்றின் செயல்பாடு மெல்ல அடங்குகிறது. காவல் தளரும்போது மொட்டு விழிக்கத் தயாராகிறது.

இனி கோத்தகிரி இருக்கும் நீலகிரிக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் சனவரி இரவுகளில் புல்வெளி வெள்ளையாக உறைகிறது. அப்படியிருக்க, இமாச்சல மரத்துக்குக் குளிர் ஏன் போதவில்லை? காரணம் பகல். நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 11 டிகிரி தொலைவில் இருக்கும் மலை இது. இங்கே கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. விடியற்காலையில் பல் கிட்டும். நண்பகலில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளத் தோன்றும்.

யூட்டா மாநில ஆய்வாளர்கள் 1974இல் வகுத்த கணக்கு முறை, பகல் வெயில் இரவின் குளிரை அழித்துவிடுகிறது என்பதைச் சேர்த்துக்கொண்டது. அதில் சுமார் 2.5 முதல் 9 டிகிரி வரை கழியும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு புள்ளி கூடும். 18 டிகிரியைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் ஒரு புள்ளி கழியும். ஒரு மலையூரில் இரவு 10 மணிநேரம் நல்ல குளிர், பகலில் 6 மணிநேரம் 18 டிகிரிக்கு மேல் என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட நேரத்தை விட்டுவிட்டால் நாளுக்கு மிஞ்சுவது நான்கு புள்ளி. இரவை மட்டும் எண்ணினால் 60 நாளில் 600. பகலையும் எண்ணினால் 240. எல்பெர்ட்டா அங்கே விழிக்கவே விழிக்காது.

பிற்பாடு இஸ்ரேல் ஆய்வாளர்கள் 1987இல் இன்னும் நுட்பமான ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். என் மனத்தில் அது ஓர் உண்டியலாகப் பதிந்திருக்கிறது. குளிர், கையில் சில்லறையாகச் சேர்கிறது. கையில் இருக்கும்வரை வெயில் அதைப் பிடுங்கிக்கொள்ளலாம். சில்லறை ஓர் அளவுக்குச் சேர்ந்து உண்டியலில் விழுந்துவிட்டால், பிறகு எந்த வெயிலும் அதைத் தொட முடியாது. மிதமான பகல், சேர்ந்த குளிரை அழிப்பதில்லை. சில நேரம் சேமிப்புக்கு உதவவும் செய்கிறது. கடும் வெயில்தான் கொள்ளைக்காரன். மூடுபனியும் மேகமுமாகக் கழியும் மார்கழிக்கும், பளிச்சென்று வெயிலடிக்கும் மார்கழிக்கும் பீச் மரம் வேறு வேறு விதமாகப் பூப்பது இதனால்தான்.

வீட்டுத் தோட்டத்துக்கு பீச் தேடுகிறவர் நாற்றுப்பண்ணையில் முதலில் கேட்பது, எந்த ரகம் இனிப்பாக இருக்கும் என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இந்த ரகத்துக்கு எத்தனை மணி குளிர் வேண்டும் என்பது. அங்கே பதில் தெரியாவிட்டால் அக்கம்பக்கத்தில் நன்றாகப் பூக்கும் மரம் எது என்று பாருங்கள். அதைவிட நம்பகமான வெப்பமானி கிடையாது. தேவை மிகக் குறைவான ரகத்தை வைத்தாலும் ஆபத்து உண்டு. உறைபனி விழும் பள்ளத்தாக்கில் 100 மணி ரகம் சனவரியிலேயே பூத்துக் கருகிப் போகலாம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் நீரைப்போல் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே ஓடைக்கரையைவிட மேட்டுச் சரிவு நல்ல இடம்.

பெரிய தோட்டங்களும் இந்தக் கணக்குக்குத் தப்பவில்லை. பீச் மாநிலம் என்றே பெயர் பெற்ற ஜார்ஜியாவில் 2017இல் குளிர்காலம் இளகியதாலும் அதன்பின் வந்த உறைபனியாலும் விளைச்சலின் பெரும்பகுதி போனது. 2023இல் மறுபடியும், இன்னும் மோசமாக. இதமான குளிர்காலம் மரங்களை முன்கூட்டியே பூக்கவைத்தது. மார்ச் மாத உறைபனி பூக்களைக் கொன்றது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இழப்பு.

குறைந்த உறக்கம் உள்ள பீச் எங்கிருந்து வந்தது? பீச்சின் தாயகம் சீனம். மரத்தின் அறிவியல் பெயரில் பாரசீகம் ஒட்டிக்கொண்டிருப்பது, அந்த வழியாகப் பழத்தைப் பெற்ற ஐரோப்பியரின் பிழை. 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங் சரியாகவே எழுதிவைத்தார்: கனிஷ்கர் காலத்தில் சீனத்திலிருந்து வந்தவர்கள் பஞ்சாப் பகுதியில் இதை அறிமுகப்படுத்தினார்கள் என்றும், அங்கே இதன் பெயரிலேயே சீனம் இருந்தது என்றும். குளிர்ந்த வட சீனத்திலும் வெதுவெதுப்பான தென் சீனத்திலும் நெடுங்காலம் வளர்ந்ததால், ஒரே இனத்துக்குள் நீண்ட உறக்கமும் குட்டித் தூக்கமும் உருவாயின. தென் சீன வழி வந்த, அளவிலும் சுவையிலும் சுமாரான மரங்களைப் பெரிய பழம் தரும் வடக்கத்தி ரகங்களோடு சேர்க்கும் வேலையை ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார் 1950களில் தொடங்கினார்கள். ஃப்ளோர்டா என்று தொடங்கும் ரகப் பெயர்கள் எல்லாம் அந்த உழைப்பின் பிள்ளைகள். இன்று லூதியானாவைச் சுற்றிய சமவெளியில், 'ஷான்-ஏ-பஞ்சாப்' ரகத்தோடு ஃப்ளோர்டாபிரின்சும் காய்க்கிறது.

தாய்லாந்தின் வடக்கு மலைகளில் இதே மரம் வேறொரு வேலை செய்திருக்கிறது. 1969இல் அபினிச் செடி பயிரிட்டுவந்த மலைவாழ் மக்களிடம் மன்னர் பூமிபோல் வருமானம் பற்றி விசாரித்தார். உள்ளூரின் சின்னஞ்சிறு பீச்சும் அபினிக்கு இணையாகப் பணம் தருவது தெரிந்தது. அந்த நாட்டு மரத்தின் மேல் நல்ல ரகங்களை ஒட்டுக் கட்டினால் என்ன என்ற யோசனையிலிருந்து வளர்ந்ததுதான் அங்கே புகழ்பெற்ற அரச வேளாண் திட்டம்.

குளிர்க் கணக்கு பொருந்திவிட்டால் பிறகு மனசுக்குப் பிடித்த பழத்தைத் தேடலாம். இங்கே வீட்டுத் தோட்டக்காரருக்குச் சந்தையில் இல்லாத ஒரு சுதந்திரம் இருக்கிறது. சதை பழுத்ததும் வெண்ணெய்போல் இளகும் பீச் உண்டு. பழுத்தாலும் விறைப்பாகவே இருக்கும் பீச் உண்டு. செல்சுவரை இளக்கும் ஒரு நொதி இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம். லாரியில் ஏறிப் பயணிக்க விறைப்பான சதை நல்லது. கொல்லையிலிருந்து சமையலறைக்கு நடக்க அது எதற்கு? இளகும் சதையையே தேர்ந்தெடுங்கள். மரத்திலேயே முழுக்கப் பழுத்து, தொட்டதும் கையோடு வந்து, முழங்கைவரை சாறு வழியும் பழத்தைக் கடையில் யாரும் விற்க முடியாது.

வெள்ளைச் சதை, மஞ்சள் சதை என்பதும் ஒரு மரபணுவின் வேலை. கரோட்டின் நிறமியைச் சிதைக்கும் மரபணு செயல்பட்டால் வெள்ளை, பழுதானால் மஞ்சள். புளிப்பு குறைந்த வெள்ளைப் பழம் கிழக்காசியர் விருப்பம். புளிப்பும் இனிப்புமான மஞ்சள், மேற்கத்தியர் பழக்கம். மாங்காயின் புளிப்பில் வளர்ந்த நாக்குக்கு மஞ்சளே ஒத்துப்போகும் என்பது என் எண்ணம். தோலில் மென்முடி இல்லாத நெக்டரினைப் பிளம்சுக்கும் பீச்சுக்கும் பிறந்த கலப்பு என்று பலர் நம்புகிறார்கள். அது பீச்சேதான், முடியை முளைக்கவைக்கும் மரபணு செயலிழந்த பீச். பீச் மரத்தின் ஒரு கிளையில் மட்டும் திடீரென நெக்டரின் காய்ப்பதை டார்வின் வியந்து பதிவு செய்திருக்கிறார்.

நம் மலைகளுக்கு இன்னொரு நிபந்தனை மழை. தென்மேற்குப் பருவமழைக்கு முன் பறித்துவிட வேண்டும். தாமதித்தால் பழ ஈயும் அழுகலும் பங்கு கேட்கும். பூத்து 80 நாளில் பழுக்கும் முன்பருவ ரகங்கள் இதற்கு ஏற்றவை. அதற்கு ஒரு விலை உண்டு: பழம் கொஞ்சம் சிறுத்திருக்கும். இன்னொன்றும் நேர்கிறது. அத்தனை வேகமாகப் பழுக்கும் பழத்தில், கொட்டைக்குள் இருக்கும் கரு முதிர்வதற்கு நேரம் போதாது. அந்தக் கொட்டையை நட்டால் பெரும்பாலும் முளைக்காது. புதிய ரகம் உருவாக்குவோர் முதிராக் கருவைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் குழந்தையை வளர்ப்பதுபோல் வளர்க்க வேண்டியிருக்கிறது. வீட்டில் வைக்க ஒட்டுக்கன்றே வழி. ஒரே மரம் போதும். பெரும்பாலான பீச் ரகங்கள் தம் மகரந்தத்தாலேயே காய்க்கும். சென்ற ஆண்டு வளர்ந்த கிளையில்தான் பூ வரும் என்பதால் ஆண்டுதோறும் கவாத்து செய்யத் தயங்கக் கூடாது. பிஞ்சுகளையும் ஒரு சாணுக்கு ஒன்றாகக் கலைத்துவிட வேண்டும். இது மனசுக்குக் கஷ்டமான வேலை, ஆனால் மீதிப் பழங்கள் பருக்கும்.

கிணற்றடி மரத்தை வெட்டிவிடலாமா என்று அத்தை கேட்டபோது ஃபிரெடரிக் கோவில் வெளிக் குளிரில் நீட்டிய கிளைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு மொட்டும் தானே எண்ணுகிறது என்றால், மரத்தை மாற்ற வேண்டியதில்லை. மொட்டை மாற்றினால் போதும். ஒட்டுக் கட்டத் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துவந்தோம். வேலியோர மரத்தின் கிளையிலிருந்து மொட்டுகளைச் சீவி, கிணற்றடி மரத்தின் மூன்று கிளைகளில் பட்டையைக் கீறிச் செருகிக் கட்டினார். இரண்டு பிடித்தன. அந்த ஆண்டு அவை கையளவு, முழ அளவு என்று வளர்ந்து, இலையுதிர்த்து மற்ற கிளைகளோடு சேர்ந்து உறங்கின.

இந்த மாசியில் அத்தை விடியற்காலையில் போன் செய்தார். போய்ப் பார்த்தேன். மொட்டையாக நிற்கும் மரத்தில் இரண்டே இரண்டு கிளைகள் இளஞ்சிவப்பாய்ப் பூத்திருந்தன. மற்றவை இன்னும் குளிருக்குக் காத்திருந்தன.