செல்லுலாரிட்டி 40-ஆ? முதல்ல வயசைச் சொல்லுங்க!

போன வாரத்துலேர்ந்து கமெண்ட்ல ஒரே கேள்வி: "சார், போன்மேரோ ரிப்போர்ட்ல செல்லுலாரிட்டி 40 பெர்சென்ட்னு இருக்கு. அப்பாவுக்கு மிச்சம் 60 போயிடுச்சா?"

ஒண்ணும் போகல. இது பரீட்சை மார்க் இல்லைங்க. எலும்பு மஜ்ஜையிலேர்ந்து எடுத்த பயாப்சி துண்டுல ரத்தம் உண்டாக்குற செல் எவ்வளவு இடம், கொழுப்பு எவ்வளவு இடம்னு மைக்ராஸ்கோப்ல பார்த்துப் போடுற தோராயக் கணக்கு. வயசாக ஆக கொழுப்பு ஏறும். 100-லேர்ந்து வயசைக் கழிங்க; கிட்டத்தட்ட அதுதான் நார்மல். 60 வயசு அப்பாவுக்கு 40 சரிதான். அதே 40 எட்டு வயசுப் பையனுக்கு வந்தா டாக்டர் யோசிப்பார். 70 தாண்டினா இந்தக் கழித்தல் அவ்வளவா ஒத்து வராது. அதான் கத்துறேன், வயசைப் போடாம நம்பரை மட்டும் அனுப்பாதீங்க!

நல்லி எலும்பு சாப்பிட்டா மஜ்ஜை ஏறுமான்னு ஒருத்தர். ஏறாது, ஓட்டல் பில்தான் ஏறும். "முதுகுத்தண்டுல ஊசி போட்டாங்க"ன்னு இன்னொருத்தர். அது வேற டெஸ்ட். போன்மேரோ எடுக்குறது இடுப்பெலும்போட பின்பக்கம். 1927-ல சோவியத் ரஷ்யாவுல அரின்கின்னு ஒரு டாக்டர் நெஞ்செலும்புலதான் குத்தி எடுத்தார். பின்னாடியே இதயம் இருக்கு, என்ன துணிச்சல் பாருங்க!

சரி, அடுத்து பிளாஸ்ட், அதாவது இன்னும் முதிராத ரத்த செல். 3 பெர்சென்ட்னு பார்த்துட்டு அழாதீங்க, 5-க்குக் கீழ நார்மல். 20 தொட்டா அக்யூட் லுகீமியா. இந்தக் கோடு முன்னாடி 30-ல இருந்துச்சு. 2001-ல உலக சுகாதார நிறுவனம் 20-க்கு இறக்குச்சு. 25 இருந்தவருக்கு நோய் பேரே மாறிப்போச்சு, மஜ்ஜை அதேதான்! என்னைக் கேட்டா, தனி நம்பரை வெச்சு பயப்படுறதே வேஸ்ட். வயசு, ரத்த கவுண்ட், ஜீன் டெஸ்ட் எல்லாம் சேர்த்துத்தான் படிக்கணும். சில ஜீன் மாற்றம் இருந்தா 20 வரைக்கும்கூட காத்திருக்க மாட்டாங்க.

ஐயோ, நேரமாச்சு. வேகமா சொல்றேன். சாம்பிள் போதுமானதான்னு ரிப்போர்ட்லயே எழுதியிருக்கும், முதல்ல அதைப் பாருங்க. ரத்தம் கலந்துட்டா பிளாஸ்ட் கணக்கு குறைச்சலா வரும். வழக்கமா 500 செல் எண்ணுவாங்க. எம்எஃப் 0-லேர்ந்து 3 வரை இருந்தா அது நார் படிஞ்ச அளவு, 0 நல்லது. இன்னொரு டாக்டர்கிட்ட காட்டப் போனா ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஸ்லைடையும், பயாப்சி துண்டைப் பதிச்சு வெச்ச பாரஃபின் பிளாக்கையும் லேப்ல கேட்டு வாங்கிட்டுப் போங்க, அதை வெச்சுத்தான் அவர் திரும்ப எண்ண முடியும்.