பழைய பிரேமுக்குப் புது சாமான்

பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல் என்று எழுதி வரும் நமது இதழில் இம்முறை சைக்கிள் சாமானைப் பற்றிய கட்டுரையா என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. தயாரிப்பாளரே கைவிட்டுவிட்ட ஒரு சரக்கை நம்பி, பல நாடுகளில் சிறு கடைக்காரர்கள் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகத் தொழில் நடத்துகிறார்கள். அவர்கள் எதில் லாபம் பார்க்கிறார்கள், எங்கே கையைச் சுட்டுக்கொள்கிறார்கள் என்பது எந்தச் சரக்கை விற்பவருக்கும் பயன்படும் செய்தி.

சரக்கு என்னவென்றால், எஃகு பிரேம் போட்ட பழைய ரோடு சைக்கிள். வளைந்த ஹேண்டில்பார், ஒல்லியான டயர், முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் ஐந்து, ஆகப் பத்து கியர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்த வகைக்குத் திடீர்க் கிராக்கி ஏற்பட்டது. எல்லா வகையும் சேர்த்து 1973-ல் மட்டும் அங்கே ஒன்றரைக் கோடி சைக்கிள்கள் விற்றன. இங்கிலாந்தின் ராலே, பிரான்சின் பியூஜோ, உள்நாட்டு ஷ்வின் எல்லோரும் கேட்ட அளவுக்கு அனுப்ப முடியாமல் திணறினார்கள். ஜப்பான் வண்டிகள் காலூன்றியதும் அப்போதுதான். 1975-ல் விற்பனை ஏறக்குறைய பாதியாகப் படுத்துவிட்டது. கிராக்கியை நம்பிக் கொள்முதல் செய்தவர்கள் பாடு என்னவாகியிருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

விற்ற வண்டிகள் எங்கே போகும்? கார் ஷெட்டிலும் மாடிப்படிக்கு அடியிலும் கிடக்கின்றன. துரு மட்டும் உள்ளே இறங்காமல் இருந்தால் எஃகு பிரேமுக்கு அழிவு கிடையாது. அதிலும் நல்ல வண்டிகளில் போட்ட குழாய் ரெனால்ட்ஸ் 531. 1935-ல் பர்மிங்ஹாமில் அறிமுகமான மாங்கனீஸ் - மாலிப்டினம் கலந்த எஃகு அது. குழாயின் இரு முனைகளும் தடித்து, நடுப்பகுதி மெலிந்திருக்கும். ஆகவே எடை குறைவு, பலம் குறைவதில்லை. இந்த ரெனால்ட்ஸ் கம்பெனி டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் சேர்ந்தது. 1960-ல் ராலேயும் அதே குழுமத்தின் கீழ் வந்தது. முருகப்பா குடும்பத்துடன் கூட்டுச் சேர்ந்து 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி தொடங்கியதும் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான். நம் ஊர் ஹெர்குலிஸ் வண்டிக்கும் அந்த 531 குழாய்க்கும் தூரத்து உறவு உண்டு என்று சொல்லலாம்.

இப்படிப்பட்ட பிரேமைக் கையில் வைத்திருப்பவர் கடைக்கு வந்து கேட்பது மூன்று காரியங்கள். மழையில் பிரேக் பிடிக்க வேண்டும். மேடேற லேசான கியர் வேண்டும். தேய்ந்த சாமானுக்கு மாற்று வேண்டும். நியாயமான கேள்விகள்தான். சிக்கல், அளவில் இருக்கிறது.

மரை படுத்தும் பாடு

பெடல் அச்சு ஓடும் குழலை எடுத்துக்கொள்வோம். அதன் இரு பக்கமும் மரை வெட்டி, கப் திருகப்பட்டிருக்கும். இங்கிலாந்து மரை 1.37 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 24 புரி, செயின் பக்கம் இடது மரை. இத்தாலி மரை 36 மி.மீ., 24 புரி, இரு பக்கமும் வலது மரை. பிரான்சு மரை 35 மி.மீ., புரிக்குப் புரி 1 மி.மீ., அதுவும் இரு பக்கமும் வலது. சுவிட்சர்லாந்துக்காரர் பிரான்சின் அளவையே எடுத்துக்கொண்டு செயின் பக்கம் மட்டும் இடது மரையாக்கினார். இது போதாதென்று ராலே தன் நாட்டிங்ஹாம் தொழிற்சாலையில் பல வண்டிகளுக்கு 26 புரி என்ற சொந்த மரையை வெட்டிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகாமல் இருக்க இதைவிட நல்ல பூட்டு உண்டா?

1.37 அங்குலம் என்பது 34.8 மி.மீ. அதாவது இங்கிலாந்துக் கப்புக்கும் பிரான்சுக் குழலுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது. கையில் எடுத்துத் திருகினால் இரண்டு சுற்று போகிற மாதிரியும் இருக்கும். மூன்றாவது சுற்றில் ஸ்பேனரைப் போட்டு அழுத்துகிறவர் மரையை அறுத்துவிடுகிறார்; ஐம்பது ஆண்டு தாங்கிய பிரேம் ஐந்து நிமிடத்தில் கெடுகிறது. 1980களின் நடுவில் பிரான்சுக் கம்பெனிகளும் இங்கிலாந்து மரைக்கு மாறிவிட்டன. ஆனால் மாறுவதற்கு முன் விற்ற வண்டிகள் இன்னும் ஓடுகின்றனவே.

இந்தச் சிக்கலை வியாபாரியின் கண்ணால் பார்த்துத் தீர்த்தது பில் உட் என்ற கம்பெனி. 1971-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது. பேரிங்கும் அச்சும் சேர்ந்த உள்கூட்டை முழுதாக அடைத்துத் தனியாகச் செய்தார்கள். அதை இரு பக்கமும் பிடித்து நிறுத்தும் மரை வளையங்களை இங்கிலாந்து, இத்தாலி, பிரான்சு, சுவிஸ், ராலே என்று வகைவகையாகத் தனியே விற்றார்கள். கடைக்காரர் விலை கூடிய உள்கூட்டைச் சில அச்சு நீளங்களில் மட்டும் இருப்பு வைத்தால் போதும். விலை குறைந்த வளையத்தை எல்லா வகையிலும் வைத்துக்கொள்ளலாம். முதல் முடங்காது, வந்த வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்பமாட்டார். சரக்கறையில் இடமில்லை என்று சொல்லும் நம்மில் பலர் இந்த ஏற்பாட்டை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். சைக்கிளுக்கு மட்டும் பொருந்துவது அல்ல இது.

நான்கு மில்லிமீட்டர்

பழைய வண்டிகளில் பெரும்பாலானவை 27 அங்குலச் சக்கரம். டயர் உட்காரும் விளிம்பின் விட்டம் 630 மி.மீ. இன்றைய ரோடு சைக்கிளுக்கு 700சி என்ற அளவு. அதன் விட்டம் 622. சக்கரத்தை மாற்றினால் பிரேக் கட்டை ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. கீழே இறங்கிப் பிடிக்க வேண்டும். பழைய பிரேக்கில் சில இறங்கும், சில இறங்காது. இறங்காவிட்டால் கை நீண்ட பிரேக் வாங்க வேண்டும். 55 முதல் 73 மி.மீ. வரை எட்டும் பிரேக்குகள் தைவான் தயாரிப்பில் கிடைக்கின்றன. அளக்காமல் மாட்டினால் கட்டை பாதி ரிம்மிலும் பாதி டயரிலும் உரசும். டயர் ஓரம் அறுந்து வெடிப்பது இறக்கத்தில்தான் நடக்கும். இந்த இடத்தில் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டால், போவது காசு மட்டுமல்ல.

இருந்தாலும் செய்கிற மாற்றங்களில் பலன் அதிகம் தருவது இதுதான் என்போம். குரோமியம் பூசிய இரும்பு ரிம் மழை நனைந்தால் பிரேக் பிடிக்காது என்பது நம் ஊர் வண்டி ஓட்டியவர்களுக்கும் தெரியும். அலுமினிய ரிம்மும் நல்ல ரப்பர்க் கட்டையும் போட்டால் அதே வண்டி சொன்ன இடத்தில் நிற்கிறது. கையில் உள்ள பணம் ஒரு வேலைக்குத்தான் என்றால் கியரை விட்டுவிட்டு இதைச் செய்யச் சொல்ல வேண்டும்.

(நம் ஊர் 28 அங்குல வண்டியின் ரிம் விட்டம் 635 மி.மீ. இந்த அளவு டயரை இந்தியத் தொழிற்சாலைகள் இன்றும் வார்க்கின்றன. ஐரோப்பாவில் பழைய கறுப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது ஓர் உதவி.)

பின்சக்கரத்தில் இன்னொரு அளவு குறுக்கே வரும். ஐந்து பல்சக்கர காலத்தில் ஹப்பின் அகலம் 120 மி.மீ.; ஆறு, ஏழு என்று கூடியபோது 126; எட்டு முதல் பதினொன்று வரை 130. புது ஹப் பழைய பிரேமில் நுழையாது. எஃகு வளையும் பொருள் என்பதால், பின்காலை விரித்து நிரந்தரமாக அகலப்படுத்த முடியும். 126-ஐ 130 ஆக்குவதற்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர்தான். கையால் விரித்துச் சொருகியே ஓட்டுகிறவர்களும் உண்டு. 120-ஐ 130 ஆக்குவது வேறு கதை. ஒரு பக்கமே ஐந்து மில்லிமீட்டர் போக வேண்டும். பற்றவைத்த மூட்டு, பிரேக் மாட்டும் குறுக்குக் குழாய் எல்லாம் இழுபடும். விரித்த பிறகு ஒரு நூலைப் பின்காது ஒன்றில் கட்டி, முன்குழாயைச் சுற்றி மறு காதுக்குக் கொண்டுவந்து, சீட் குழாயிலிருந்து இரு பக்கமும் நூல் ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அச்சு உட்காரும் காதுகள் இரண்டையும் நேராக்கவும் வேண்டும். விட்டுவிட்டால் அச்சு வளைந்து உடையும். அலுமினியம், கார்பன் பிரேமில் இந்த வேலையைத் தொடவே கூடாது. கீறிவிடும்.

கிளிக் வந்த கதை

பழைய கியர் லீவரில் கிளிக் என்ற பேச்சே இல்லை. ஒயரை இழுத்துச் செயின் சரியான பல்லில் விழுந்ததைக் காதால் கேட்டு நிறுத்துவார்கள். யார் செய்த லீவரும் யார் செய்த டெரெய்லரோடும் சேர்ந்து வேலை செய்தது. 1980களின் நடுவில் ஜப்பானின் சிமானோ, கிளிக்குக்கு ஒரு பல் மாறும் லீவரைக் கொண்டுவந்தது. 1990-ல் பிரேக் பிடியிலேயே கியர் மாற்றும் அமைப்பும் வந்தது. 1992-ல் இத்தாலியின் கம்பக்னோலோ தன் வகையை வெளியிட்டது. ஓட்டுபவருக்கு இது பெரிய வசதி, மறுக்க முடியாது. ஆனால் லீவர் இழுக்கும் ஒயர் நீளம், டெரெய்லர் நகரும் தூரம், பல்சக்கர இடைவெளி மூன்றும் ஒரே வீட்டில் பிறந்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது. சிமானோவின் உயர்தர வரிசையான டூரா-ஏஸின் அன்றைய கிளிக் லீவர் அதே கம்பெனியின் மற்ற வரிசை டெரெய்லரோடுகூடச் சேரவில்லை.

இதில் அடிபட்டது சன்டூர். சாய்ந்த இணைகரம் போன்ற டெரெய்லர் அமைப்பை 1964-ல் கண்டுபிடித்து உரிமை வைத்திருந்த ஜப்பான் கம்பெனி அது. 1970களில் அதன் சாமான் மலிவு, உழைப்பு இரண்டுக்கும் பெயர் வாங்கியது. 1984-ல் காப்புரிமைக் காலம் முடிந்ததும் அந்த அமைப்பைச் சிமானோ எடுத்துக் கிளிக் லீவரோடு சேர்த்து முழு செட்டாக விற்றது. சன்டூரின் கிளிக் சரியாக விழவில்லை என்று கடைக்காரர்களே சொல்லத் தொடங்கினார்கள். 1990களில் பழைய சன்டூர் இல்லாமல் போயிற்று. அதன் பெயர் பின்னர் வேறு கைக்கு மாறியது.

பழைய பிரேமுக்கு எது உகந்தது? மலிவாகவும் தொல்லை இல்லாமலும் முடிய வேண்டுமானால் கிளிக் இல்லாத லீவரே போதும். எத்தனை பல்சக்கரம் போட்டாலும் அது ஒத்துப்போகும். பிடியில் கியர் வேண்டும் என்பவருக்கு எட்டு அல்லது ஒன்பது பல் செட் போடலாம். சாமான் இன்றும் கிடைக்கிறது, செயினும் விலை குறைவு. பன்னிரண்டு பல்லும் மின்சார கியருமாக வரும் இன்றைய உயர்தர செட்டைப் பழைய பிரேமில் ஏற்றுவது கூலிக்கும் கட்டாது, சாமான் விலைக்கும் கட்டாது என்பது நம் கருத்து.

பெரிய கம்பெனிகள் விட்ட இடத்தைச் சிறியவர்கள் பிடித்தார்கள். அமெரிக்காவில் பிரிட்ஜ்ஸ்டோன் சைக்கிள் பிரிவு மூடப்பட்டபோது, அதில் வேலை பார்த்த கிராண்ட் பீட்டர்சன் 1994-ல் ரிவெண்டல் என்ற சிறு கம்பெனியைத் தொடங்கினார். கிளிக் இல்லாத லீவர், கை நீண்ட பிரேக் போன்ற பழைய வழிச் சாமான்களே அதன் முக்கியச் சரக்கு. பாஸ்டன் நகருக்கு அருகில் ஹாரிஸ் சைக்கிளரி என்ற கடையில் ஷெல்டன் பிரவுன் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். எந்த மரை எந்த நாட்டுடையது, எந்த டயர் எந்த ரிம்மில் உட்காரும் என்பதையெல்லாம் அட்டவணை போட்டு இணையத்தில் இலவசமாக வைத்தார். தொழில் ரகசியம் என்று பூட்டிவைக்கவில்லை. கடைக்கு நஷ்டமா என்றால் இல்லை. அட்டவணையைப் படித்தவர்கள் தூரத்திலிருந்தும் அந்தக் கடைக்கே சாமான் கேட்டு எழுதினார்கள். அவர் 2008-ல் காலமானார், கடையும் 2021-ல் மூடப்பட்டது. அட்டவணைகள் இன்றும் மெக்கானிக்குகளுக்கு உதவுகின்றன.

இனி, கடைக்காரர் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய ஒரு சங்கதி. இந்த வேலையில் சாமான் விலை வண்டி விலையைத் தாண்டிவிடுவது சகஜம். சக்கரம், பிரேக், லீவர், டெரெய்லர், செயின் என்று சேர்த்தால், அதே பணத்துக்குப் புது வண்டியே வாங்கிவிடலாம். வேலையை எடுக்கும் முன்பே மொத்தத் தொகையைத் தாளில் எழுதிக் காட்டுபவரிடம் வாடிக்கையாளர் தங்குகிறார். ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு "இதுவும் தேய்ந்துபோச்சு" என்று சொல்லிக்கொண்டே போகிறவருக்கு அந்த ஒரு பில்தான் கிடைக்கும். முன்ஃபோர்க்கில் கீறலோ, குழாய்க்குள் துருவோ கண்டால் எந்த விலைக்கும் வேலை எடுக்கக் கூடாது.

கழற்றிய பழைய சாமானையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். இத்தாலியின் டஸ்கனியில், கியோலே இன் கியாந்தி என்ற ஊரில் 1997 முதல் லெரோய்கா என்ற சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். விதி கண்டிப்பானது: 1987-க்கு முற்பட்ட எஃகு பிரேம், கியர் லீவர் கீழ்க்குழாயில், பிரேக் ஒயர் வெளியே தெரிய வேண்டும். புது சாமான் போட்ட வண்டிக்கு அங்கே இடமில்லை. ஆகவே அந்தக் காலத்து கம்பக்னோலோ டெரெய்லருக்கும், குறி அழியாத மாஃபாக் பிரேக்குக்கும் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. விவரம் தெரிந்த கடைகளில் கழற்றிய சாமானைத் துடைத்து எண்ணெய் தடவிப் பையில் கட்டி, வண்டி நம்பரை எழுதி வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். வேண்டாம் என்று விட்டுப்போனால் விலை பேசி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.