கப்பிச் சாலையும் மிதிவண்டியும்: பன்னீர்த் திராட்சையின் அடிவாரத்திலிருந்து தேயிலை மேடு வரை

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் சியன்னா நகரைச் சூழ்ந்த குன்றுகளில் திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே வெண்ணிறச் சரளைப் பாதைகள் ஓடுகின்றன. 'வெள்ளைச் சாலைகள்' என்பது அவற்றின் பெயர். தார் வண்டி வந்து இவற்றை ஒவ்வொன்றாக விழுங்கிவிடும் என்ற அச்சம் எழுந்தபோது, ஜியான்கார்லோ புரோச்சி என்பவர் 1997-ஆம் ஆண்டு கயோலே எனும் சிற்றூரில் ஒரு மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் கலந்துகொண்டவர்கள் 92 பேர். பழைய மிதிவண்டிகளில், பழைய பாணி உடையில், புழுதி பறக்கச் சென்ற அந்தப் பயணம் 'லெரோய்கா' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. 2007-இல் அதே பாதைகளில் தொழில்முறைப் பந்தயமும் தொடங்கியது. இதன் பின்னர், சரளையைச் சாலையின் குறையாகக் கருதியவர்களே அதை ஊரின் சொத்தாகக் காணத் தலைப்பட்டனர்.

நம் வாசகர்கள் டஸ்கனிக்குச் செல்ல விமானச் சீட்டு எடுக்க வேண்டியதில்லை. திராட்சையும் குன்றும் வாகன இரைச்சலற்ற பாதையும் ஒருங்கே அமைந்த நிலப்பகுதி, கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் தமிழகத்தின் தேனி மாவட்டமும் தோளுரசும் இடத்தில் இருக்கிறது. எனினும், அங்குள்ள பாதைகள் யாருக்காகப் போடப்பட்டவை, இன்று யாருக்குச் சொந்தமானவை என்பதை அறிந்துகொண்டு புறப்படுவதே முறை.

கீழேயிருந்து தொடங்குவோம். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலிட்டு வளர்க்கப்படும் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் பன்னாட்டுப் பெயர். குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி ஆண்டுக்கு ஒருமுறை உறங்கி எழும். இங்கோ கவாத்துச் செய்யும் நாளே பருவத்தைத் தீர்மானிக்கிறது. எனவே ஒரு தோட்டத்தில் பழம் கனிந்திருக்கையில் பக்கத்துத் தோட்டத்தில் இலை துளிர்த்துக்கொண்டிருக்கும். இந்தப் பசுமைக்கெல்லாம் மூலம், 1895-இல் முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணை மேற்கிலிருந்து கிழக்கே திருப்பிவிட்ட நீர். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி போன்ற ஊர்ப்புறங்களில் பந்தல்களை ஒட்டிய மண் பாதைகள் பெரும்பாலும் சமதளமானவை. புதிதாகப் பழகுவோருக்கு அவையே ஏற்றவை. மேலே இடுக்கி எல்லையில், செல்லார்கோவிலின் விளிம்பில் நின்று இதே பள்ளத்தாக்கைக் குனிந்து பார்த்தால், சற்று முன் மிதித்து வந்த பாதை நூலிழையாகத் தெரியும்.

மலைமேல் உள்ள பாதைகளின் வரலாறு வேறு. மூணாற்றுத் தேயிலையைச் சமவெளிக்கு இறக்குவது நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பெரும் பாடு. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் பதிக்கப்பட்டது. வண்டியின் ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தின் மீதும் மறுபக்கச் சக்கரம் சாலையின் மீதும் உருள, மாடுகள் அதை இழுத்துச் சென்றன. 1908-இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. அந்தப் பாதையின் உச்சி நிலையமே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பின்னர் போடிநாயக்கனூருக்குச் சென்றன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. மலையாள ஆண்டுக் கணக்கை வைத்து அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று இன்றும் அங்கே குறிப்பிடுகின்றனர்.

மிதிவண்டிக்காரருக்கு இந்த வரலாற்றால் ஒரு பயன் உண்டு. மாடும் சிறு ரயில் எஞ்சினும் செங்குத்தாக ஏற இயலாதவை. ஆகவே அவற்றுக்காக வெட்டப்பட்ட தடங்கள் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி மெல்ல உயர்கின்றன. பிற்காலத்தில் ஜீப்புக்கென வெட்டப்பட்ட பாதைகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் செல்லும் பாதை இதற்குச் சான்று. கொழுக்குமலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில்; வண்டியில் செல்ல வழி இருப்பதோ இடுக்கி வழியாக மட்டுமே. உருண்டைக் கற்கள் பெயர்ந்து கிடக்கும் அந்த ஏற்றத்தில், சூரிய உதயம் காண்போரை ஏற்றிக்கொண்டு விடியலுக்கு முன்பே ஜீப்புகள் வரிசைகட்டுகின்றன. அமைதியை நாடுவோர் அந்த நேரத்தைத் தவிர்ப்பது நலம்.

இத்தகைய பாதைக்கு எந்த வண்டி தகும்? 'கிராவல் பைக்' எனக் கடைகளில் விற்கப்படுவது, பந்தய மிதிவண்டிக்கும் மலை மிதிவண்டிக்கும் இடைப்பட்ட ஒன்று. வளைந்த கைப்பிடி, வட்டு பிரேக், 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயர் ஆகியவை அதன் அடையாளங்கள். டயரில் காற்றைச் சற்றுக் குறைவாக வைக்க வேண்டும் என்பது பலருக்கும் வியப்பளிக்கும். கல்லென இறுகிய டயர் ஒவ்வொரு சரளைக் கல்லின் மீதும் துள்ளும். துள்ளும் ஒவ்வொரு முறையும் முன்னே செல்ல வேண்டிய விசை மேல்நோக்கி வீணாகிறது. சற்றே தளர்ந்த டயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருண்டு செல்லும்.

பல்சக்கரக் கணக்கும் எளியதே. நம் ஊர்ச் சாதாரண மிதிவண்டியில் முன்னே 44 பற்கள், பின்னே 18 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை மிதித்தால் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றி, ஐந்து மீட்டருக்கு மேல் வண்டியை நகர்த்தும். ஏற்றத்தில் அது மூச்சை வாங்கிவிடும். முன்னே 32, பின்னே 34 என்றிருந்தால் ஒரு மிதிக்கு இரண்டு மீட்டர் மட்டுமே நகரும், முழங்கால் தப்பிக்கும். வண்டி வாங்குவோர் சட்டகத்தின் எடையைப் பற்றி விசாரிப்பதைவிட இந்த இரண்டு எண்களை விசாரிப்பது மேல். வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண மலை மிதிவண்டியில்கூட இவ்வகைப் பல்சக்கரங்கள் இருப்பதால், முதல் பயணத்திற்குப் பெரும் தொகை செலவிடத் தேவையில்லை. இறக்கத்தில் இரு பிரேக்குகளையும் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வருவது தவறு. விட்டுவிட்டுப் பிடித்தால்தான் வட்டு சூடேறாது.

வடக்கே பாலக்காட்டுப் பக்கம் நிலம் வேறு முகம் காட்டுகிறது. கொல்லங்கோட்டு வயல்களுக்கு அப்பால் நெல்லியாம்பதி மலை சுவர்போல் எழுகிறது. வயல்வெளியில் பாசன வாய்க்கால் கரைகளே மிதிவண்டிப் பாதைகள். ஆயின், மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே வீசும் கிழக்குக் காற்றை எதிர்த்துச் செல்வது ஒரு மலை ஏறுவதற்கு ஈடாகும். நென்மாறையிலிருந்து போத்துண்டி வழியாக மேலேறும் சாலை தார்ச் சாலை; வனத்துறையின் சோதனைச் சாவடி உண்டு. காப்பி, தேயிலை, ஏலத் தோட்டங்களுக்குள் கிளை பிரியும் பாதைகளே கப்பிப் பாதைகள்.

அந்தக் கிளைப் பாதைகள் பொது வழிகள் அல்ல. பல தோட்ட நிறுவனங்களுக்குச் சொந்தம். சில வனத்துறையின் ஆளுகையில் உள்ளன. வாகனம் இல்லாத அமைதி அங்கே நிலவுவதற்கு முதற்காரணமே, வாயிலில் ஒரு தடுப்புக் கட்டை இருப்பதுதான். அனுமதி பெறுவது வெறும் சம்பிரதாயம் என்று எண்ணுவோர் 2018 மார்ச் 11-ஐ நினைவுகூர வேண்டும். அன்று குரங்கணி மலைச்சரிவில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற குழுக்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த போதைப்புல் பற்றிக்கொண்டால், ஓடும் மனிதரைவிட விரைவாகத் தீ மேட்டை நோக்கி ஏறும். கோடையில் வனத்துறை பாதைகளை மூடுவதற்கு இதுவே காரணம்.

யானைகளுக்கும் மாவட்ட எல்லை கிடையாது. சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன், 2023 மே மாதம் கம்பம் நகர வீதியிலேயே நடந்து வந்தது. மிதிவண்டி ஓசையின்றிச் செல்வது நமக்குப் பெருமை. ஆனால் வளைவுக்கு அப்பால் நிற்கும் யானைக்கு அது முன்னறிவிப்பில்லாத வருகை. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் தோட்டப் பாதைகளில் இறங்காமலிருப்பதே அறிவுடைமை.

இனி, இத்தாலியையும் இப்பகுதியையும் ஒப்பிடுகையில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. சரளைச் சாலையைச் சரளையாகவே காக்க வேண்டும் என்று கேட்பது, அதில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் செல்பவருக்கு எளிது. மூணாற்றுக்கு அப்பால் இடமலைக்குடி இருக்கிறது. முதுவர் மக்கள் வாழும் அவ்வூர், 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. நல்ல சாலை இல்லாமையால் நோயாளிகளைத் தோளில் சுமந்து காட்டைக் கடந்த அனுபவம் அம்மக்களுக்குப் பலமுறை உண்டு. அவ்வழியின் தொடக்கத்தில் உள்ள பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து, தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகள் புதைந்து, 70 உயிர்கள் பறிபோயின. செய்தி வெளியுலகை எட்டுவதற்கே விடிந்துவிட்டது. அங்கே தார்ச் சாலையும் கைப்பேசிக் கோபுரமும் கேட்பவரிடம், கப்பியின் அழகைப் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை.

எனவே எந்தப் பாதை ஊர்களை இணைக்கிறது, எது தோட்டத்தோடு முடிகிறது என்ற வேறுபாட்டைக் காண வேண்டும். முதலாவதற்குத் தார் வேண்டும். இரண்டாவது, சரளையாகவே இருந்து அங்குள்ளோருக்கு வருவாய் தரலாம். மிதிவண்டியில் வருபவர் ஒரே நாளில் திரும்ப இயலாது. உணவும் படுக்கையும் தேடுவார். இல்லத்தங்கல் நடத்துவோருக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இத்திட்டத்தில் 50,000 ரூபாய் வரை 'சிசு', 5 லட்சம் வரை 'கிஷோர்', 10 லட்சம் வரை 'தருண்' எனப் பிரிவுகள் உள்ளன. 'தருண்' கடனை ஒழுங்காகத் திருப்பியவர்கள் 20 லட்சம் வரை பெறலாம். நான்கைந்து மிதிவண்டிகளும் பழுதுநீக்கும் கருவிகளும் வாங்க நினைக்கும் இளைஞருக்குக் 'கிஷோர்' பிரிவே போதும்.

பயணம் புறப்படுவோர் தம் சேமிப்புக் கணக்கில் பிரதமரின் சுரக்ஷா பீமா காப்பீடு உள்ளதா எனப் பார்த்துக்கொள்க. ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில், 18 முதல் 70 வயது வரையுள்ளோருக்கு விபத்து மரணத்திற்கும் நிரந்தர முழு ஊனத்திற்கும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். மருத்துவமனைச் செலவை இது ஏற்காது. அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும். தோட்டங்களுக்குள் பல இடங்களில் கைப்பேசித் தொடர்பு அறவே இல்லை என்பதால், தேநீர்க் கடையில் திரையைக் காட்டிப் பணம் செலுத்த முடியாது. பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் சிலவற்றை மூணாற்றிலோ நென்மாறையிலோ மாற்றி எடுத்துச் செல்க.